ஆறு வாரப் பயிற்சியில் ஒரு மாணவர் கற்ற முதலீட்டுப் பாடம்

நம் அங்கத்தினர்களில் பெரும்பாலோர் கடை வைத்துப் பிழைப்பவர்கள். சரக்கு வாங்குவதும் விற்பதும் நமக்குக் கைவந்த தொழில். ஆனால் வியாபாரத்தில் மிஞ்சிய பணத்தை என்ன செய்வது என்ற கேள்வி எழும்போது நம்மில் பலர் தடுமாறிப் போகிறோம். ஊரில் ஒரு மனை வாங்கிப் போடுவோம்; இல்லையேல் நகை. அதுவும் இல்லையேல், தெரிந்தவர் ஒருவர் வந்து "மாதாமாதம் இவ்வளவு லாபம் தருகிறேன்" என்றால் ரசீது கூடக் கேளாமல் எடுத்துக் கொடுத்து விடுவோம். அப்படிக் கொடுத்து ஏமாந்தவர்களில் நாமும் ஒருவர். அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டே இப்பாடத்தைத் தொடங்குகிறோம்.

சென்ற விடுமுறையில் கேமரன் மலைக்குப் போயிருந்தோம். பிரிஞ்சாங் பட்டணத்தைக் கடந்து மேலே ஏறினால் கியா பார்ம் வரும். சாலையோரம் வரிசையாகக் கடைகள். அவற்றின் பின்னே சரிவு முழுவதும் பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டங்கள். அங்கே நம் நண்பர் ஒருவர் இருபது ஆண்டுகளாகக் கடை நடத்துகிறார். தேயிலைப் பொட்டலம், தேன், ஸ்ட்ராபெரி, சோளம், முட்டைக்கோஸ் எல்லாம் உண்டு. சனி ஞாயிறுகளில் வரும் உல்லாசப் பயணிகள்தாம் அவருடைய வாடிக்கைக்காரர்கள். வார நாட்களில் மலைக்குக் கீழேயுள்ள சாப்பாட்டுக் கடைகளுக்குக் காய்கறி அனுப்புவார்.

நாம் போன சமயம் அவருடைய மகன் வீட்டில் இருந்தார். சர்வகலாசாலையில் நிதித்துறை படிக்கும் இந்தத் தம்பி, பிறருடைய பணத்தை வாங்கி முதலீடு செய்து நிர்வகிக்கும் கோலாலம்பூர் கம்பெனி ஒன்றில் ஆறு வாரம் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தார். நண்பருக்கோ வேறொரு யோசனை. பழக்கமான ஒருவர் வந்து, 40,000 வெள்ளி கொடுத்தால் மாதம் 2,000 வெள்ளி தவறாமல் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வட்டியன்று, முழுக்க ஹலாலான வியாபாரப் பங்கு என்றும் உறுதி கூறியிருக்கிறார். மகன் வேண்டாம் என்கிறார். தகப்பனாருக்கு மனம் கேட்கவில்லை. "ஆறு வாரம் ஆபீசில் குந்தியிருந்து விட்டு வந்து எனக்கு வியாபாரம் சொல்லித் தருகிறான் பாருங்கள்" என்று நம்மிடம் முறையிட்டார். இருவருக்கும் நடுவில் நாம் மாட்டிக் கொண்டோம். ஆகவே, "தம்பி, அந்த ஆறு வாரத்தில் என்னதான் கற்றீர்? ஒவ்வொன்றாகச் சொல்லும்" என்றோம். தேநீர் மூன்று முறை வந்தது, பேச்சு முடியவில்லை.

முதலீட்டுக் கம்பெனி என்றால் இரண்டு காதிலும் டெலிபோன் வைத்துக் கொண்டு "வாங்கு, விற்று விடு" என்று கத்துவார்கள் என்றுதான் அவர் நினைத்துப் போனாராம். அங்கே நூல்நிலையம் போல அமைதி. முதல் இரண்டு வாரம் அவருக்குக் கொடுத்த வேலை இரண்டு கணக்குகளைப் பக்கத்தில் பக்கமாக வைத்துச் சரிபார்ப்பது. ஒன்று கம்பெனியின் கணக்கு. மற்றொன்று டிரஸ்டியின் கணக்கு.

இவ்விடத்தை வாசகர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். யூனிட் டிரஸ்ட் என்னும் கூட்டு முதலீட்டில் நாம் போடும் பணம் நிர்வாகக் கம்பெனியின் பெட்டிக்குள் போவதில்லை. எதை வாங்குவது, எதை விற்பது என்று தீர்மானிப்பது கம்பெனி; பணத்தையும் பங்குகளையும் காவலில் வைத்திருப்பது டிரஸ்டி என்னும் வேறொரு நிறுவனம். தீர்மானிக்கிற கையும் சாவி வைத்திருக்கிற கையும் வேறுவேறு. நம் கடைகளில் கல்லாவில் ஒருவர், சரக்கறையில் ஒருவர் என்று வைக்கிறோமே, அதே ஏற்பாடுதான். இம்முறை மலாயாவுக்குப் புதியதும் அன்று. 1959லேயே முதல் யூனிட் டிரஸ்ட் இங்கே தொடங்கி விட்டது. இக்காலத்தில் இத்தொழிலை நடத்த 2007ஆம் ஆண்டின் மூலதனச் சந்தைச் சட்டப்படி செக்யூரிட்டீஸ் கமிஷன் என்னும் பங்குப் பத்திர ஆணையத்தின் லைசென்ஸ் வேண்டும். அந்தப் பதிவேட்டில் ஒரு கம்பெனியின் பெயர் உண்டா இல்லையா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கட்டணம் கிடையாது.

"இரண்டு கணக்கும் ஒரு நாள் 12 வெள்ளி வித்தியாசப்பட்டது, மாமா. அந்தப் பன்னிரண்டு வெள்ளி எங்கே போயிற்று என்று கண்டுபிடிக்கும் வரை என்னை வீட்டுக்கு விடவில்லை" என்றார் தம்பி. தகப்பனார் முகத்தில் முதன்முறையாக ஒரு திருப்தி தெரிந்தது. கல்லாக் கணக்கில் காசு குறைந்தால் அவரும் தூங்க மாட்டார்.

மூன்றாம் வாரம் ஒரு கம்பெனியின் ஐந்து வருட அறிக்கைகளைக் கொடுத்து, "இதில் பங்கு வாங்கலாமா என்று ஒரே பக்கத்தில் எழுது" என்றார்களாம். தம்பி ஊக்கமாக எழுதினார்: விற்பனை 80 மில்லியனிலிருந்து 100 மில்லியன் ஆகியிருக்கிறது, லாபமும் ஏறியிருக்கிறது, வாங்கலாம். மேலதிகாரி அதைப் படித்து விட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "காசு வந்ததா?"

தம்பிக்கு விளங்கவில்லை. திரும்பவும் அறிக்கையைப் புரட்டினார். விற்பனை 80 மில்லியனாக இருந்தபோது வரவேண்டிய பாக்கி 13 மில்லியன். விற்பனை 100 ஆனபோது பாக்கி 38 மில்லியன். நாள் கணக்கில் போட்டால், சரக்குக் கொடுத்த பிறகு பணம் வந்து சேர முன்பு 59 நாள். இப்போது 139 நாள். கம்பெனி கடனுக்கு அள்ளிக் கொடுத்து விற்பனையைப் பெருக்கிக் காட்டியிருக்கிறது! ஏட்டில் லாபம், பெட்டியில் காற்று.

இதைக் கேட்டதும் நண்பர் தொடையில் தட்டினார். "பிரிஞ்சாங்கில் அந்தச் சாப்பாட்டுக் கடைக்காரனைப் பற்றி நான் என்ன சொன்னேன்? மாதம் முழுக்கக் காய்கறி எடுப்பான். கணக்குப் புத்தகத்தில் அவன்தான் பெரிய வாடிக்கை. காசு கேட்டால் அடுத்த மாதம்! அவனைப் போல இன்னும் இரண்டு பேர் இருந்தால் நான் லாபத்தோடேயே கடையை மூட வேண்டியதுதான்."

"அதையேதான் அத்தா அங்கே பெரிய பெரிய சொற்களில் சொல்லித் தருகிறார்கள்" என்றார் மகன். தகப்பனும் மகனும் அன்று ஒத்துப் போன முதல் இடம் இதுதான். நம் வியாபாரிகள் கம்பெனிக் கணக்கென்றால் அது படித்தவர்கள் சமாசாரம் என்று ஒதுங்கி விடுகிறார்கள். பேரேடும் பற்று வரவும் அறிந்தவருக்கு அதில் முக்கால் பங்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்.

பங்கு வாங்குவது மார்க்கத்தில் கூடுமா என்ற கேள்வி நம்மில் பலருக்கு உண்டு. அதற்கும் அங்கே ஒரு வழிமுறை இருக்கிறது. செக்யூரிட்டீஸ் கமிஷனின் ஷரீஅத் ஆலோசனைச் சபை 1997 ஜூனில் முதல் பட்டியலை வெளியிட்டது. இப்போது ஆண்டுக்கு இருமுறை, மே மாதமும் நவம்பர் மாதமும் வெளியிடுகிறது. 2013 நவம்பர் முதல் பரீட்சை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் தொழிலைப் பார்க்கிறார்கள்: சூது, மது, பன்றி இறைச்சி, வட்டித் தொழில் போன்றவற்றிலிருந்து வரும் பங்கு கம்பெனியின் மொத்த விற்பனையிலோ லாபத்திலோ நூற்றுக்கு 5ஐ எட்டக் கூடாது. வேறு சில வகை வருமானங்களுக்கு எல்லை 20. அடுத்தபடி ஐந்தொகையைப் பார்க்கிறார்கள்: மொத்தச் சொத்தில் வட்டிக் கடன் நூற்றுக்கு 33க்குக் கீழே இருக்க வேண்டும், வட்டி வங்கிகளில் கிடக்கும் ரொக்கத்துக்கும் தனியே அதே எல்லை.

தம்பி ஓர் உதாரணம் போட்டுக் காட்டினார். ஒரு கம்பெனியின் சொத்து 300 மில்லியன், வட்டிக் கடன் 110 மில்லியன். வகுத்தால் நூற்றுக்கு 36க்கு மேல் வருகிறது. ஆகவே பட்டியலில் இடமில்லை. அக்கம்பெனி விற்பது தூய தேனாகவே இருக்கட்டும், கடன் மிஞ்சினால் வெளியேதான்! நம் நண்பர் இதைக் கேட்டுச் சற்று நேரம் பேசவில்லை. கடையை விரிவாக்க வங்கியில் வாங்கிய கடன் அவர் நினைவுக்கு வந்திருக்கலாம். நாம் கேட்கவில்லை.

இந்தச் சமயத்தில் பக்கத்துக் கடைக்காரர் வந்து சேர்ந்தார். வந்தவர் உட்காரும் முன்பே, "தம்பி, எந்த ஷேர் ஏறும்? ஒன்றே ஒன்று சொல்லு போதும்" என்றார். தம்பி சிரித்துக் கொண்டே மறுத்து விட்டார். பயிற்சியில் சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கி விட்டார்களாம், உள்ளே பார்த்ததை வெளியே சொல்வதில்லை என்று. வெளியாகாத செய்தியை வைத்துப் பங்கு வாங்குவதும், பிறரை வாங்கத் தூண்டுவதும் இந்நாட்டுச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். "அது அமானிதம், மாமா" என்றார். வந்தவருக்கு ஏமாற்றம். நமக்கோ, அந்த ஆறு வாரம் வீண் போகவில்லை என்று அப்போது தோன்றியது.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. யூனிட் டிரஸ்டுகளில் சிலவற்றில் வாசலிலேயே நூற்றுக்கு 5 வரை விற்பனைக் கட்டணம் பிடிப்பார்கள்; அது போக ஆண்டுதோறும் நிர்வாகக் கட்டணம் உண்டு. ஒன்றரைதானே என்று நாம் அலட்சியமாக நினைப்போம். 10,000 வெள்ளி ஆண்டுக்கு நூற்றுக்கு 6 வீதம் 20 ஆண்டு வளர்ந்தால் 32,071 வெள்ளி. கட்டணம் ஒன்றரை போய் நாலரை வீதம் வளர்ந்தால் 24,117 வெள்ளி. வித்தியாசம் கிட்டத்தட்ட 8,000 வெள்ளி. போட்ட முதலில் ஐந்தில் நான்கு பங்கு! முகவர் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வரும்போது முதலில் கேட்க வேண்டியது இந்தக் கட்டணத்தைத்தான்.

மாலையில் மூவரும் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் நடந்தோம். ஒரு சரிவில் செடிகளை இடுப்புக்குக் கீழே கவ்வாத்து வெட்டி விட்டிருந்தார்கள். பச்சையே இல்லை, வெறுங்குச்சிகள். மூன்று நான்கு வருடங்களுக்கு ஒரு முறை இப்படி வெட்டாவிட்டால் கொழுந்து குறைந்து போகும். வெட்டிய பிறகோ சில மாதம் அந்தச் சரிவில் வருமானமே கிடையாது. புதிதாக நட்ட கன்றென்றால் ஒழுங்காகக் கொழுந்து எடுக்கச் சுமார் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். 1929ல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய ஜே. ஏ. ரஸ்ஸல் 1933லேயே காலமாகி விட்டார். அவர் போட்ட முதலின் பலனை மற்றவர்கள்தாம் இன்றளவும் எடுக்கிறார்கள்.

தம்பி அந்தச் சரிவைக் காட்டி ஒன்று சொன்னார். தோட்டக் கம்பெனிகளின் கணக்கைப் படிக்கும்போது இந்த வருட லாபத்தை மட்டும் பார்க்கக் கூடாதாம். கவ்வாத்துக்கும் மறுநடவுக்கும் செலவிட்டிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டுமாம். ஒரு வருடம் வெட்டாமலும் நடாமலும் விட்டால் செலவு குறையும், லாபம் அழகாகத் தெரியும். நான்கு வருடம் கழித்து அழுவார்கள். முட்டைக்கோஸ் வியாபாரி வாரக் கணக்கில் யோசிக்கிறான். தேயிலைக்காரன் பத்தாண்டுக் கணக்கில் யோசிக்கிறான். மிஞ்சிய பணத்தை எடுத்து வைக்கும்போது நாம் எந்தக் கணக்கில் யோசிக்கிறோம் என்று அவர் கேட்டதற்கு நம்மிடம் பதிலில்லை.

நண்பர் மட்டும் விடவில்லை. "நம் ஜனங்கள் நம்பிக்கையில்தானே இத்தனை காலம் வியாபாரம் செய்தோம்? எல்லாவற்றுக்கும் காகிதம் கேட்டால் உறவு என்னாவது?" என்றார். நியாயமான கேள்விதான். இதற்கு நாம் சொன்ன பதிலை இங்கே எழுதுகிறோம்.

முன்காலத்தில் மலாய்க் கிராமத்து மக்கள் ஹஜ்ஜுக்குப் போவதற்காகத் தலையணைக்கடியில் காசு சேர்த்தார்கள். அது போதாமல் நிலத்தையும் மாட்டையும் விற்றுப் போய், திரும்பி வந்து வறுமையில் வாடினார்கள். 1959ல் பொருளாதார நிபுணர் உங்கு அஜீஸ் இதற்கு ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார்: வட்டியில்லாமல் சேமிக்கட்டும், அப்பணத்தை ஆகுமான தொழில்களில் முதலீடு செய்து லாபத்தைப் பகிர்ந்து கொடுக்கலாம். அதிலிருந்து பிறந்த சேமிப்புக் கழகம் 1963 செப்டம்பரில் வேலை தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்கள் 1,281 பேர். சேர்ந்த தொகை 46,600 வெள்ளி. அதுதான் பிறகு தாபோங் ஹாஜி ஆயிற்று. ஏழைகளின் நம்பிக்கையை ஏட்டில் ஏற்றிக் காட்டிய பெரிய காரியம் அது.

ஆனால் அத்தகைய நிறுவனத்துக்கும் சோதனை வந்தது. 2017 முடிவில் அதன் சொத்து 70.3 பில்லியன் வெள்ளி, பொறுப்பு 74.4 பில்லியன் வெள்ளி என்று 2018 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. சொத்து பொறுப்பை விடக் குறைந்திருக்கும்போது லாபம் பங்கிடக் கூடாது என்பது அதன் சட்டம். அதற்கு முன் வருடங்களில் தாராளமாகப் பங்கிட்டிருந்தார்கள். பின்பு 19.9 பில்லியன் வெள்ளிக்குச் சொத்துக்கள் உருசாஹர்த்தா ஜமாஆ என்னும் தனி நிறுவனத்துக்கு மாற்றப்பட்டன. 2018ஆம் ஆண்டுக்குக் கொடுத்த லாபம் நூற்றுக்கு 1.25 மட்டுமே. அந்தக் கணக்கு முறையைப் பற்றி வாதப் பிரதிவாதங்கள் எழுந்து, 2022ல் அரச விசாரணைக் குழு ஒன்றும் விசாரித்தது. அரசாங்க உத்தரவாதம் இருந்ததால் போட்டவர்களின் முதல் தப்பியது. ஏடு இருந்தபடியால்தான் ஓட்டையும் தெரிந்தது என்பதே நம் கருத்து. ஏடே இல்லாத இடத்தில் என்ன தெரியும்?

அதற்கும் சான்று வேண்டுமானால் பெங்களூரைப் பார்க்கலாம். 2006ல் தொடங்கிய ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் "ஹலால் முதலீடு" என்று பெயர் சொல்லி நம் சமுதாயத்தாரிடமே பணம் திரட்டியது. மாதாமாதம் லாபமும் கொடுத்து வந்தது. 2019 ஜூனில் தலைவர் துபாய்க்கு ஓடினார். கடைவாசலில் கூடியவர்களில் மகளின் கலியாணத்துக்கு வைத்திருந்ததைப் போட்டவர்களும், ஓய்வுப் பணத்தைப் போட்டவர்களும் உண்டு. 40,000க்கு மேற்பட்ட புகார்கள் வந்தன. மறு மாதம் அவர் டில்லியில் பிடிபட்டார். பணம் அவரோடு திரும்பி வரவில்லை.

தம்பி ஒரு கணக்கைத்தான் தகப்பனார் முன் வைத்தார். 40,000க்கு மாதம் 2,000 என்றால் வருடத்துக்கு 24,000, நூற்றுக்கு 60. "இருபது மாதத்தில் நம் முதலையே திருப்பித் தந்து விடுவார், அத்தா. நூற்றுக்கு அறுபது கிடைக்கிற தொழில் கையில் இருக்கிறவர், நம் நாற்பதாயிரத்துக்காக ஏன் மலையேறி வருகிறார்?" இன்னொன்றும் கேட்டார். முளாரபா என்பது ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் போட்டு, கிடைக்கும் லாபத்தைப் பேசிய விகிதத்தில் பிரிப்பது. நஷ்டம் வந்தால் முதல் போட்டவரைச் சேரும். லாபமோ நஷ்டமோ, மாதம் 2,000 கட்டாயம் என்றால் அதற்குப் பெயர் என்ன?

நண்பர் பதில் சொல்லவில்லை. "அப்படியானால் இந்தப் பணத்தை என்ன செய்வது?" என்று மட்டும் கேட்டார். மகனுக்கும் அதில் அவசரமில்லை. கடைக்கு ஆறு மாதச் செலவை முதலில் எடுத்து வைக்க வேண்டும் என்றார். 1951ல் தொடங்கிய ஊழியர் சேமநிதி சம்பளக்காரர்களுக்கு மட்டுமே என்று நாம் நினைக்கிறோம். சொந்தத் தொழில் செய்பவர்களும் ஐ-சாரான் திட்டத்தில் விருப்பப்படி செலுத்தலாம், 2017 முதல் ஷரீஅத் முறைச் சேமிப்பும் அதில் உண்டு என்றார். மிச்சத்துக்குப் பட்டியலில் உள்ளவற்றைப் படித்துப் பார்த்து, ஏன் வாங்குகிறோம் என்று ஒரு பக்கம் எழுதிய பிறகே வாங்க வேண்டுமாம். எழுத முடியாவிட்டால் வாங்க வேண்டாமாம். அந்த ஆபீசில் அதுதான் வழக்கம்.

இரவு கடை மூடும்போது நண்பர் ஒரு தேயிலைப் பில்லின் பின்புறத்தை எடுத்துப் போட்டுக் கொண்டு உட்கார்ந்தார். மகன் சொல்லச் சொல்ல எழுதினார். லைசென்ஸ் எண் என்ன? பணம் யார் காவலில் இருக்கும்? தணிக்கை செய்வது யார்? சென்ற வருட ஐந்தொகை எங்கே? நான்கும் எழுதி முடித்து, ஐந்தாவதாகத் தாமாகவே ஒன்று சேர்த்துக் கொண்டார்: நஷ்டம் வந்தால் யாருக்கு?

அன்றிரவே அந்தப் பழக்கக்காரருக்கு டெலிபோன் செய்தார். கேள்விகளைப் படித்தார். அவர் பொறுமையாகக் கேட்டுக் கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காகிதங்களோடு நேரில் வருவதாகச் சொன்னார். நாம் திங்கட்கிழமை காலை பேருந்தில் மலையிறங்கினோம். அந்தப் பில் அப்போதும் கல்லாப் பெட்டியின் மேல், தேன் புட்டியின் அடியில் இருந்தது.